நாமா, நாங்களா?

2022 பிப்ரவரி 22, செவ்வாய்க்கிழமை. அன்று மாலைக்குள் ஒரே வீடியோ எனக்கு நான்கு பேரிடமிருந்து வந்துவிட்டது. ஐ.நா. பாதுகாப்பு அவையில் கென்யாவின் தூதர் மார்ட்டின் கிமானி பேசும் சில நிமிடக் காட்சி. அதற்கு முந்தைய நாள்தான் ரஷ்ய அதிபர் புதின், உக்ரைனின் கிழக்கே இருக்கும் தொனெட்ஸ்க், லுஹான்ஸ்க் என்ற இரண்டு பிரிவினைப் பகுதிகளையும் தனி நாடுகளாக அங்கீகரித்து ஆணையில் கையெழுத்துப் போட்டிருந்தார். நியூயார்க்கில் அன்றிரவே அவசரக் கூட்டம். அந்த மாதம் அவைத் தலைமை ரஷ்யாவிடம். குற்றம்சாட்டப்பட்டவரே பஞ்சாயத்துத் தலைவராக உட்கார்ந்திருந்த அந்த மேசையில்தான் கிமானி பேசினார்.

நான் அதை இரண்டு தடவை பார்த்தேன். பிறகு எங்கள் டீம் சாட்டில் போட்டேன். டீமில் பாதிப் பேர் சென்னை, சிலர் நைரோபி. கூடவே ஒரு வரியும் எழுதினேன்: இந்த வருடம் நான் கேட்ட மிகச்சிறந்த கட்டுரை இதுதான் என்று. இதயக்குறிகள் வந்தன. கொஞ்ச நேரம் கழித்து நைரோபி சகா ஒருவர் தனியாக மெசேஜ் அனுப்பினார். ஆங்கிலத்தில் இருந்ததை என் தமிழில் எழுதுகிறேன்: “நல்ல பேச்சுதான். ஆனா அதுல வர்ற ‘வி’-க்குள்ள எங்க தாத்தா இல்ல.”

எனக்குப் புரியவில்லை. ஒரு ஸ்மைலி போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அந்த ஸ்மைலியை நினைத்தால் இன்றும் கூசுகிறது. இந்தக் கட்டுரை அவருக்கு நான் தாமதமாக அனுப்பும் பதில் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

1

தூதர்களின் அறிக்கைகளுக்கு இலக்கிய இதழில் என்ன வேலை என்று கேட்கலாம். என் பதில் எளிமையானது. ஒரு வெளியுறவு அமைச்சகத்தின் நான்கு வரி அறிக்கை அளவுக்கு வினைச்சொற்கள் எடைபோடப்பட்ட உரைநடை வேறு எங்கேயும் கிடையாது. பலர் சேர்ந்து எழுதி, பலர் சேர்ந்து அடித்துத் திருத்தி, கடைசியில் யார் எழுதியது என்றே தெரியாமல் வெளிவரும் பிரதி அது. அதை வாசிக்கிற வழக்கம் நமக்கில்லை. செய்தியாகக் கடந்துவிடுகிறோம்.

ஒரு பகுதி பிரிந்துபோய்த் தன்னை நாடு என்று அறிவிக்கிறது. யாரோ ஒருவர் அதை அங்கீகரிக்கிறார். உடனே உலகத் தலைநகரங்களிலிருந்து எதிர்வினைகள் வரிசையாக வரும். வரவேற்கிறோம், கண்டிக்கிறோம், வருந்துகிறோம், கவலையோடு கவனித்துவருகிறோம், குறித்துக்கொள்கிறோம். கடைசி வினைச்சொல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ‘குறித்துக்கொள்கிறோம்’ என்றால் நடந்தது எங்களுக்குத் தெரியும்; அது நல்லதா கெட்டதா என்று மட்டும் எங்களிடம் கேட்காதீர்கள் என்று பொருள்.

கொசோவோவை எடுத்துக்கொள்வோம். 2008 பிப்ரவரி 17 அன்று செர்பியாவிலிருந்து பிரிவதாக அறிவித்தது. மறுநாள் அமெரிக்கா அங்கீகரித்தது. இந்தியா என்ன சொன்னது? எல்லா நாடுகளின் இறையாண்மையும் எல்லை ஒருமைப்பாடும் மதிக்கப்பட வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு, இந்த அறிவிப்பைக் குறித்துக்கொண்டோம், இதில் பல சட்டச் சிக்கல்கள் இருக்கின்றன, நிலைமையை ஆராய்ந்துவருகிறோம். சாரம் அவ்வளவுதான். அந்த ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. இந்தியா இதுவரை கொசோவோவை அங்கீகரிக்கவில்லை.

இலங்கை அப்படி மென்று முழுங்கவில்லை. இது ஐ.நா. சாசனத்தை மீறுவது, கட்டுப்படுத்த முடியாத ஒரு முன்னுதாரணமாகிவிடும் என்று வெளிப்படையாகவே எதிர்த்தது. தேதியைப் பாருங்கள். அதற்கு முந்தைய மாதம்தான் கொழும்பு போர்நிறுத்த ஒப்பந்தத்திலிருந்து முறைப்படி விலகியிருந்தது. வன்னியில் சண்டை நடந்துகொண்டிருந்தது. கொசோவோவைப் பற்றிய அந்த அறிக்கையில் கொசோவோ எவ்வளவு இருக்கிறது, கிளிநொச்சி எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டமில்லை. கட்டலோனியாவையும் பாஸ்க் பகுதியையும் வைத்திருக்கும் ஸ்பெயின், தீவின் வடக்குப் பகுதியை இழந்து நிற்கும் சைப்ரஸ், அப்புறம் கிரீஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே இந்த ஐந்து நாடுகளும் கொசோவோவை அங்கீகரிக்கவில்லை.

எந்த ஊரைப் பற்றிப் பேசுகிறார்களோ அந்த ஊர் இந்த அறிக்கைகளில் அநேகமாக இருப்பதில்லை. பேசுகிறவரின் சொந்த எல்லைதான் இருக்கும், பெயர் சொல்லாமல். இந்த வகைமையின் முதல் இலக்கணம் இதுதான்.

இரண்டாவது இலக்கணம் அங்கீகரிக்கிறவர்களுடையது. கொசோவோ விஷயத்தில் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒன்றைத் திரும்பத்திரும்பச் சொன்னார்கள்: இது தனித்த நேர்வு, வேறு எதற்கும் முன்னுதாரணம் ஆகாது. என் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த வாக்கியம். அவசரத்துக்கு ஒரு விதிவிலக்கைக் கோடில் எழுதிவிட்டு, மேலே ‘இது ஸ்பெஷல் கேஸ், யாரும் காப்பி பண்ண வேண்டாம்’ என்று கமெண்ட் போடுவோம். ஆறு மாதம் கழித்துத் தேடிப்பார்த்தால் அதே விதிவிலக்கு வேறு மூன்று ஃபைல்களில் இருக்கும். கமெண்ட் மட்டும் இருக்காது.

இங்கேயும் கிட்டத்தட்ட ஆறு மாதம்தான். கொசோவோவைக் கடுமையாக எதிர்த்த ரஷ்யா, ஜார்ஜியாவுடனான ஐந்து நாள் போருக்குப் பிறகு, 2008 ஆகஸ்ட் 26 அன்று அப்காசியாவையும் தெற்கு ஒசேத்தியாவையும் அங்கீகரித்தது. அப்போது மேற்கு நாடுகள், ஆறு மாதத்துக்கு முன் ரஷ்யா பேசிய எல்லை ஒருமைப்பாட்டு வசனத்தை வாங்கிப் பேசின. 2010 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் கொசோவோவின் சுதந்திர அறிவிப்பு சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்று கருத்துரைத்தது. கொசோவோ ஒரு நாடா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. 2014 மார்ச்சில் கிரிமியாவின் சுதந்திர அறிவிப்பு அந்தக் கருத்துரையைப் பெயர் சொல்லி மேற்கோள் காட்டியது. காப்பி பேஸ்ட் முடிந்தது.

இப்படி இரண்டு தரப்பும் வசனங்களை மாற்றிக்கொண்டு பேசுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்வது சுலபம். எல்லாமே வேஷம் என்று சொல்லிவிட்டால் வாசிக்கிற வேலையும் மிச்சம். கிமானியின் உரை முக்கியமாவது இங்கேதான். வேஷம் என்று தள்ளிவிட முடியாத ஒரு பிரதி அது.

2

அவர் என்ன செய்தார் என்று பார்ப்போம். மற்ற எல்லோரும் உக்ரைனைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு தங்கள் எல்லையைப் பற்றிப் பேசினார்கள் என்றால், கிமானி தன் எல்லையைத்தான் முதலில் மேசைமேல் வைத்தார். கென்யாவும் அநேகமாக எல்லா ஆப்பிரிக்க நாடுகளும் பேரரசுகள் முடிந்துபோனதால் பிறந்தவை. எங்கள் எல்லைகளை நாங்கள் வரையவில்லை. லண்டனிலும் பாரிஸிலும் லிஸ்பனிலும் வரைந்தார்கள். எந்த ஆப்பிரிக்க நாட்டின் எல்லையைத் தாண்டிப் பார்த்தாலும் எங்கள் மொழி பேசும், எங்கள் வரலாற்றைப் பகிரும் எங்கள் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். இன, மத ஒருமையைத் தேடிப் போயிருந்தால் இத்தனை பத்தாண்டுகளுக்குப் பிறகும் ரத்தம் சிந்திக்கொண்டிருப்போம். அதனால் கைக்கு வந்த எல்லைகளை ஏற்றுக்கொண்டோம். அவை எங்களுக்குத் திருப்தியாக இருந்ததால் இல்லை. அவற்றைவிடப் பெரிதான ஒன்றை அமைதியில் கட்ட விரும்பியதால். ஏறக்குறைய இதுதான் அவர் வாதம்.

இதன் பலம் எங்கே இருக்கிறது? முதலாவது, ஏக்கத்தை அவர் மறுக்கவில்லை. பக்கத்து நாட்டில் இருக்கும் சொந்தங்களோடு சேர வேண்டும் என்று யாருக்குத்தான் இருக்காது என்று கேட்கிறார். எதிராளியின் வாதத்தில் இருக்கும் மனித உண்மையை முழுசாகக் கொடுத்துவிட்டு, பிறகு ஒரே ஒரு இடத்தில் கோடு போடுகிறார்: அந்த ஏக்கத்தைப் படைபலத்தால் நிறைவேற்றக்கூடாது. நல்ல விமர்சகர்கள் இப்படித்தான் வாதிடுவார்கள். எதிர்த்தரப்பைப் பொம்மையாக்கி அடிப்பதில் ஒன்றுமில்லை.

இரண்டாவது, காலத்தைப் பற்றிய அவர் பார்வை. பின்னால் திரும்பிப் பார்த்தபடியே இருக்கும் தேசங்களின் பழமையேக்கம் ஆபத்தானது என்கிறார். செத்துப்போன பேரரசுகளின் சாம்பலுக்குள் இன்னும் கங்கு இருக்கிறது என்ற உருவகத்தைக் கையாள்கிறார். அன்றைய தினம் புதின் ஆற்றிய நீண்ட உரை, உக்ரைன் என்பதே லெனின் உருவாக்கியது என்ற வரலாற்றுப் பாடமாகத்தான் இருந்தது. அதைப் பெயர் சொல்லாமல், குரலை உயர்த்தாமல், ஒரே உருவகத்தில் எதிர்கொண்டார் கிமானி.

மூன்றாவது, அவர் மேற்கையும் விடவில்லை. இந்த அவையின் உறுப்பினர்கள் உட்பட வலிமையான நாடுகள் சமீப காலத்தில் சர்வதேசச் சட்டத்தை மீறியதையும் சேர்த்தே கண்டித்தார். அதனால் அந்த உரையை எந்த முகாமும் முழுசாகச் சொந்தம் கொண்டாட முடியவில்லை. ஆனாலும் பரவிய துண்டுக் காட்சிகள் பலவற்றில் இந்தப் பகுதி வெட்டப்பட்டிருந்தது. எனக்கு வந்ததிலும் இல்லை. முழு உரையை நான் தேடிப்போய்ப் பார்த்தது பிறகுதான்.

மூன்று நாளில் அவர் சொன்னது நடந்தது. பிப்ரவரி 24 அன்று, அங்கீகரிக்கப்பட்ட அந்த இரண்டு ‘குடியரசுகள்’ உதவி கேட்டதாகச் சொல்லித்தான் ரஷ்யப் படை உள்ளே போனது. அங்கீகாரம் கதவைத் திறக்கும் சாவியாகப் பயன்பட்டது. பிறகு சிரியாவும் வடகொரியாவும் மட்டும் அந்த இரண்டையும் அங்கீகரித்தன. செப்டம்பர் 30 அன்று ரஷ்யாவே அவற்றைத் தன்னோடு இணைத்துக்கொள்வதாக அறிவித்துவிட்டது. ரஷ்யாவின் கணக்கிலேயே அந்த ‘சுதந்திர நாடுகளின்’ ஆயுள் ஏழு மாதம் சொச்சம்தான்.

3

அதே மேசையில் அன்றிரவு இந்தியாவும் பேசியது. பேசியவர் டி.எஸ். திருமூர்த்தி. இந்த இதழின் வாசகர்கள் சிலருக்கு அவர் பெயர் வேறொரு காரணத்துக்காகத் தெரிந்திருக்கலாம். ‘கிளைவ் அவென்யூ’, ‘சென்னைவாசி’ என ஆங்கிலத்தில் இரண்டு நாவல்கள் எழுதியவர். ஆக அந்த அவையில் ஒரு நாவலாசிரியர் இருந்தார். ஆனால் இலக்கியம் பேசியது அவரல்ல.

குற்றமாக இதைச் சொல்லவில்லை. தூதர் பேசுவது அவருடைய பிரதி கிடையாது, டெல்லியின் பிரதி. ஆனால் அதையும் அதே கவனத்தோடு வாசிக்க வேண்டும் இல்லையா? உக்ரைன் தொடர்பான நிகழ்வுகளை, கிழக்கு எல்லையில் நடப்பவற்றை, ரஷ்யக் கூட்டமைப்பின் ‘அது தொடர்பான அறிவிப்பை’ உன்னிப்பாகக் கவனித்துவருகிறோம் என்றது அந்த அறிக்கை. அங்கீகாரம் என்ற சொல்லே அதில் இல்லை. எதைப் பற்றிப் பேசக் கூட்டம் கூடியதோ அதற்கு ‘அறிவிப்பு’ என்று பெயர். பதற்றம் தணிய வேண்டும், எல்லா நாடுகளின் நியாயமான பாதுகாப்பு நலன்களும் கணக்கில் வர வேண்டும். யார் பதற்றத்தை உண்டாக்கினார்கள் என்பதற்கு வாக்கியத்தில் எழுவாய் கிடையாது.

நான் முதலில் இதை வாசித்தபோது கோபம்தான் வந்தது. ஒரு பக்கம் கிமானி, இன்னொரு பக்கம் இது. ஆனால் திரும்ப வாசித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அந்த வறண்ட அறிக்கையில் ஒரு எண் இருந்தது. உக்ரைனில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய மாணவர்களும் குடிமக்களும் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் எல்லைப்பகுதிகளில் இருக்கிறார்கள், அவர்கள் நலன் முக்கியம் என்றது. அடுத்த வாரங்களில் கார்கீவிலும் சுமியிலும் பாதாள அறைகளில் இருந்து நம்மூர் மருத்துவ மாணவர்கள் வீடியோ அனுப்பியபோது அந்த எண்ணுக்கு முகம் வந்தது. கிமானியின் அழகான உரையில் தேசங்கள் இருந்தன, பேரரசுகள் இருந்தன, வரலாறு இருந்தது. அன்றிரவு அங்கே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த இன்னின்ன ஆட்கள் இத்தனை பேர் என்ற கணக்கு இந்தியாவின் அழகில்லாத அறிக்கையில்தான் இருந்தது. அதிலும் நம் ஆட்கள் மட்டும்தான். தொனெட்ஸ்கில் பிறந்து வளர்ந்தவர்கள் இரண்டு பிரதியிலும் எண்ணாகக்கூட வரவில்லை.

மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபை, ரஷ்யாவின் படையெடுப்பையும் அந்த பிப்ரவரி 21 முடிவையும் கண்டித்துத் தீர்மானம் போட்டது. ஆதரவு 141, எதிர்ப்பு 5, வாக்களிக்காதவர்கள் 35. கென்யா 141-ல், இந்தியா 35-ல்.

1971 டிசம்பர் 6 அன்று, போர் நடந்துகொண்டிருக்கும்போதே, வங்கதேசத்தை அங்கீகரித்ததும் இதே இந்தியாதான். பாகிஸ்தான் உடனே தூதரக உறவை முறித்துக்கொண்டது. ஐ.நா.வில் வங்கதேசம் சேர்வதை 1972-ல் சீனா வீட்டோ போட்டுத் தடுத்தது. இதை நான் இந்தியாவைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. எல்லா அங்கீகாரமும் தந்திரம், எல்லா எல்லையும் புனிதம் என்று முடித்துவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். இந்தியாவுக்கு அதில் சுயநலம் இருந்தது. தப்பி வந்த அகதிகளும் நிஜம், கொல்லப்பட்டவர்களும் நிஜம். கிமானியின் விதியை எழுத்துப் பிசகாமல் அன்றைக்குப் பொருத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு என்னிடம் நிம்மதியான பதில் இல்லை.

4

இப்போது அந்த மெசேஜுக்கு வருகிறேன்.

போன வருடம் நண்பர்களின் வாசிப்புக் குழு ஒன்றுக்காக கிமானியின் உரையைத் தமிழில் மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். சின்ன உரைதானே, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மையமான வாக்கியத்திலேயே மாட்டிக்கொண்டேன். கைக்கு வந்த எல்லைகளை ஏற்றுக்கொள்வதென்று முடிவெடுத்தது யார்? ஆங்கிலத்தில் ‘வி’. தமிழில் நாமா, நாங்களா?

ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. கேட்கிறவரைச் சேர்த்தும் சொல்லலாம், ஒதுக்கியும் சொல்லலாம், ஒரே சொல்தான். தமிழில் வாயைத் திறந்ததுமே முடிவெடுத்தாக வேண்டும். மேசையைச் சுற்றி ரஷ்யாவும் அமெரிக்காவும் இருக்கும்போது பேசுவதால் ‘நாங்கள்’ என்பதுதான் சரி என்று முதலில் எழுதினேன். பிறகு, இதை ஒரு கென்யர் கேட்கிறார் என்றால்? அவருக்கு அது ‘நாம்’ என்று கேட்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பழைய மெசேஜ் நினைவுக்கு வந்தது. எந்தக் கென்யர்?

அவரை அழைத்தேன். நாங்கள் இருவரும் அந்த நிறுவனத்தை விட்டு வந்து நாளாகிவிட்டது. என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். “சோமாலியிலயும் அப்படித்தான். அன்னகா, இன்னகா. ஒண்ணு உங்கள விட்டுட்டு, இன்னொண்ணு உங்களயும் சேர்த்து. சுவாஹிலியில கிடையாது, எல்லாத்துக்கும் சிசிதான்.”

பிறகு சொன்னார். அவர் குடும்பம் கரிஸ்ஸா பக்கம். கென்யாவின் வடகிழக்கு. ஆங்கிலேயர் காலத்தில் வடக்கு எல்லை மாவட்டம் என்று பெயர். அங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் சோமாலிகள். கென்யாவுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தைய வருடம், 1962-ல், அந்த மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க பிரிட்டன் ஓர் ஆணையத்தை அனுப்பியது. சோமாலிகள் வாழும் பகுதிகளில் மிகப்பெரும்பான்மையினர் சோமாலியாவோடு சேரவே விரும்புகிறார்கள் என்று ஆணையம் எழுதியது. கேட்ட பிரிட்டன், 1963 மார்ச்சில், அந்தப் பகுதி கென்யாவின் ஒரு பிராந்தியமாகவே இருக்கும் என்று அறிவித்தது. சோமாலியா பிரிட்டனுடன் உறவை முறித்துக்கொண்டது.

“ஆணையம் வந்தப்போ கூட்டத்துல எங்க தாத்தா உக்காந்திருந்தாராம். அவர்கிட்ட கேட்டாங்க. அவரும் சொன்னாரு. அப்புறம் கேட்டவங்க போயிட்டாங்க.”

1963 டிசம்பர் 12 அன்று கென்யா சுதந்திரமடைந்தது. அந்த மாதம் முடிவதற்குள் அந்தப் பகுதியில் நெருக்கடிநிலை. ‘ஷிஃப்டா’ போர் என்று சொல்வார்கள். ஷிஃப்டா என்றால் கொள்ளைக்காரன். பிரிவினைக்குப் போராடியவர்களுக்கு அரசு வைத்த பெயர் அது. 1967 வரை நீடித்தது. மேய்ச்சல்காரர்களை வேலிபோட்ட குடியிருப்புகளுக்குள் அடைத்தார்கள். போர் முடிந்தபிறகும் முடியவில்லை. 1984 பிப்ரவரியில் வஜீர் அருகே வகல்லா விமான ஓடுதளத்தில் சோமாலி ஆண்களைக் கூட்டிவந்து அடைத்துக் கொன்றார்கள். அரசு நெடுங்காலம் சொன்ன கணக்கு 57. கென்யாவின் உண்மை ஆணையம் 2013-ல் தந்த அறிக்கை ஏறக்குறைய ஆயிரம் என்றது.

ஆக, பின்னோக்கிய ஏக்கத்தைக் கைவிட்டு எல்லைகளை ஏற்றுக்கொண்டோம் என்று கிமானி சொல்லும்போது, அந்த ஏற்பு எல்லா இடத்திலும் ஏற்பாக இருக்கவில்லை. 1964 ஜூலையில் கெய்ரோவில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு, சுதந்திரம் பெற்றபோது இருந்த எல்லைகளை மதிப்போம் என்று தீர்மானம் போட்டது. சோமாலியாவும் மொராக்கோவும் அதை ஏற்கவில்லை. தேர்வு என்று அவர் சொல்வது மாநாட்டு மண்டபத்தில் நடந்தது. கரிஸ்ஸாவில் நடந்ததற்கு வேறு பெயர். அந்த ஏக்கத்தைப் படைபலத்தால் நிறைவேற்றக்கூடாது என்ற வாக்கியத்துக்குப் பக்கத்தில், அந்த ஏக்கத்தைப் படைபலத்தால் அடக்கவும் கூடாது என்ற இன்னொரு வாக்கியம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உரையின் மௌனம் அங்கே இருக்கிறது.

‘நாங்கள்’ என்று மொழிபெயர்த்தால் தாத்தா அதற்குள் சத்தமில்லாமல் அடைக்கப்படுகிறார். ‘நாம்’ என்று மொழிபெயர்த்தால் அவரைக் கேட்டுத்தான் செய்தது போல ஆகிறது. இரண்டுமே பொய்யாகிறது. மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் நின்றுபோனது.

5

அதே எல்லை விதி அந்தப் பக்கத்தில் இன்னொரு விசித்திரத்தையும் செய்தது. பிரிட்டிஷ் சோமாலிலாந்து 1960 ஜூன் 26 அன்று தனியாகச் சுதந்திரம் பெற்றது. ஐந்து நாள் கழித்து, ஜூலை 1 அன்று, இத்தாலியின் கீழிருந்த தெற்கோடு தானாக இணைந்தது. 1988-ல் சியாத் பர்ரேயின் அரசு, தன் சொந்த நகரமான ஹர்கெய்சாவையே விமானத்திலிருந்து குண்டுவீசித் தகர்த்தது. 1991 மே 18 அன்று சோமாலிலாந்து பிரிவதாக அறிவித்தது. காலனிய எல்லையை மாற்ற வேண்டாம் என்றால் எங்கள் காலனிய எல்லை இதுதானே என்பது அவர்கள் வாதம். 2005-ல் ஆப்பிரிக்க ஒன்றியம் அனுப்பிய குழுகூட இந்த நேர்வு தனித்தது என்று எழுதியது. ஆனாலும் முப்பது வருடங்களுக்கு மேல் ஐ.நா. உறுப்பு நாடு எதுவும் அங்கீகரிக்கவில்லை. 2025 டிசம்பர் 26 அன்று முதல் அங்கீகாரம் வந்தது, இஸ்ரேலிடமிருந்து. ஆப்பிரிக்க ஒன்றியம் உடனே எதிர்த்தது, 1964-ன் அதே தீர்மானத்தை நினைவூட்டி. ஒரே விதி, இரண்டு பக்கமும் அதையே காட்டுகிறார்கள். ஹர்கெய்சாவில் இருக்கிறவர்கள் மறுபடியும் வேறு யாருடைய கணக்கிலோ ஒரு வரி ஆனார்கள்.

இதில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு ப்ராஜெக்டில் பதிவுப் படிவத்துக்கான நாடுகளின் டிராப்டவுன் என் பொறுப்பு. ஐஎஸ்ஓ 3166 தரநிலைப் பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். கொசோவோகூட அந்த அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. பல அமைப்புகள் எக்ஸ்கே என்ற தற்காலிகக் குறியீட்டை வைத்துச் சமாளிக்கின்றன. தொலைபேசிக் குறியீடு மட்டும் 383 என்று தனியாகக் கிடைத்துவிட்டது. சோமாலிலாந்துக்கு அதுவும் கிடையாது, சோமாலியாவின் 252-தான். ஒருநாள் ஹர்கெய்சாவிலிருந்து ஒரு பயனர் டிக்கெட் போட்டிருந்தார்: என் நாடு உங்கள் பட்டியலில் இல்லை. நான் அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. ‘தரநிலைப்படி சரியாக இயங்குகிறது’ என்று எழுதி மூடிவிட்டேன்.

இப்போது அந்த வரியை வாசித்தால் அது எந்த வகைமை என்று தெரிகிறது. குறித்துக்கொண்டோம். சட்டச் சிக்கல்கள் இருக்கின்றன. எழுவாய் இல்லாத வாக்கியம். நானும் ஓர் எதிர்வினை அறிக்கை விட்டவன்தான்.

அப்போ கிமானியின் உரை மோசமா? இல்லை. அதை இன்றும் பெரிய உரை என்றே நினைக்கிறேன். அன்றிரவு உக்ரைன் விஷயத்தில் அவர் போட்ட கோடு சரியான இடத்தில் விழுந்தது. மூன்றாம் நாளே அது நிரூபணமானது. தன் நாட்டின் காயத்தைத் தொட்டுக்காட்டி இன்னொரு நாட்டுக்காகப் பேசுவது எல்லோராலும் முடிகிற காரியமில்லை. நான் சொல்வது, அவர் தொட்டுக்காட்டிய காயத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று இருந்தது, அதன்மேல் துணியைப் போர்த்திவிட்டுத்தான் பேச முடிந்தது என்பதைத்தான். ஒரு பிரதி நம்மை அழவைக்கிறது என்பதாலேயே அதனிடம் கேள்வி கேட்காமல் இருக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால் இந்திய அறிக்கை போன்ற ஒன்றை எல்லோரும் சந்தேகத்தோடுதான் வாசிப்போம். உருக்கமான பிரதிகளிடம்தான் கொஞ்சம் கூடுதல் ஜாக்கிரதை வேண்டியிருக்கிறது.

வாசிப்புக் குழுவுக்கு அந்த மொழிபெயர்ப்பைக் கடைசியில் கொடுத்தேன். ‘வி’ வருகிற இடங்களிலெல்லாம் ‘நாங்கள்’ என்றே போட்டேன். முதல் இடத்தில் மட்டும் ஓர் அடிக்குறிப்பு சேர்த்தேன்: இந்தச் சொல்லுக்குள் இருக்கிறார்களா என்று 1962-ல் சிலரைக் கேட்டார்கள், அவர்கள் இல்லை என்று சொன்னார்கள். சகாவுக்கு அதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு ஒரு வரி வந்தது.

“தாத்தா அடிக்குறிப்புலயாவது வந்தாரே.”

இந்தத் தடவை நான் ஸ்மைலி போடவில்லை.